சித்தன்னவாசல்: காலையில் மலை, மாலையில் ஓவியம்

சித்தன்னவாசலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வந்ததும் வராததுமாக அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரைக் கோயிலுக்குள் நுழைவார்கள். கூரை ஓவியத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலையே" என்று வெளியே வந்து, பதினோரு மணி வெயிலில் மலையேறத் தொடங்குவார்கள். வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். குன்று வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. அறிவர் கோயில் அதன் மேற்குச் சரிவில், மேற்குப் பார்த்துக் குடையப்பட்டது. காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இருக்கும். மூன்று மணிக்கு மேல்தான் வெளிச்சம் உள்ளே சாய்ந்து, தரையில் பட்டு விதானத்துக்கு, அதாவது ஓவியமுள்ள உட்கூரைக்கு, ஏறும்.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் பக்கமாக 16 கி.மீ. முதலில் சமணத் துறவிகள் தங்கிய குகையான ஏழடிப்பட்டம். அதற்குப் போகும் வழியும் அறிவர் கோயில் வாசலும் வேறு வேறு என்பதால் இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே நிழல் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ. வழவழப்பான அடிப்பாகமுள்ள செருப்பு ஏறும்போது ஏமாற்றாது, இறங்கும்போதுதான் காலை வாரும். மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் ஏறவே வேண்டாம்.

குன்றைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் இறங்கினால் இயற்கையான குகைத்தளம். பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர்தான் ஏழடிப்பட்டம். உள்ளே சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை போன்ற மேடு. அவற்றில் மிகப் பழையதை ஒட்டித் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் உண்டு. 'எருமிநாடு' என்று தொடங்கும் வாசகம். இவை ஆழமில்லாத கீறல்கள், உச்சி வெயிலில் மறைந்துவிடும். காலைச் சூரியன் கிழக்கிலிருந்து சாய்வாக விழும்போது ஓரங்களில் நிழல் கட்டி, எழுத்து எழுந்து நிற்கும். படம் எடுப்பவர்கள் எழுத்துக்கு நேராக நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். எழுத்தின் மேல் சாக்பீஸ், மாவு எதையும் பூசக் கூடாது.

இந்தப் பக்கமே நாவற்சுனை என்ற சிறு பாறைச்சுனையும் இருக்கிறது. தண்ணீருக்குள் ஒரு சிறு குடைவரையும் லிங்கமும் மூழ்கிக் கிடக்கின்றன. சுனையை இறைத்தால் ஒழியக் கண்ணில் படாது. எட்டிப் பார்க்கப் போய் வழுக்கி விழ வேண்டாம்.

நடுப்பகலைப் பூங்காவில் கழிக்கலாம். மரநிழல், பிள்ளைகளுக்கு விளையாட்டு, படகு. தண்ணீர் வற்றினால் படகு ஓடாது. அதை நம்பிப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அறிவர் கோயிலில் முதலில் கண்ணில் படும் தூண் வரிசையைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த முகப்பு 20ஆம் நூற்றாண்டில், குடுமியான்மலைத் தூண்களைக் கொண்டு எழுப்பியது. பழையது உள்ளேதான். தெற்கே பாறையில் இருக்கும் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் இதைப் புதுப்பித்ததாகச் சொல்கிறது.

உள்ளே போனதும் உடனே மேலே பார்க்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது ஆகும். பிறகு கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்தின் விதானத்தில் தாமரைக் குளம் மெல்லத் துலங்கும்: பச்சை இலைகள், மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆடவர் மூவர். கூட்டம் தலைக்கு மேலேயே பார்ப்பதால் தூண்களில் இருக்கும் ஆடல் மகளிரைத் தவறவிடும். ஃபிளாஷ் கூடாது, ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். கழுத்து வலித்தால் செல்பேசியின் செல்ஃபி கேமராவைத் திறந்து மார்பளவில் மல்லாத்திப் பிடியுங்கள், விதானம் திரையில் தெரியும்.

கருவறை ஏறக்குறைய ஒன்பதரை அடிச் சதுரம். நடுவில் நின்று வாயை மூடி, அடித்தொண்டையில் 'ம்ம்' என்று தொடங்கி, சுருதியை மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். ஏதோ ஓரிடத்தில் அறையே அதை வாங்கித் திருப்பி முழங்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி மோதி மோதி வலுப்பதால் அது ஒரு குறிப்பிட்ட சுருதியில்தான் நடக்கும். உரக்கக் கத்தினால் நடக்காது. பத்துப் பேர் நெருக்கி நின்றாலும் நடக்காது, உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சிவிடும். ஆள் குறையும் வரை வெளியே காத்திருந்துவிட்டு நுழையுங்கள்.