தோட்டச் சாலைக்கு ஒரு ஸ்ட்ரோலர்: வடிவமைப்பு நாட்குறிப்பு

3 மே 2025, சனி

குழந்தையின் கார் சீட்டை அப்படியே மாட்டித் தள்ளுகிற ஸ்ட்ரோலர் (தள்ளுவண்டி) ஒன்றை வடிவமைக்கிறேன். வரைபடத் தாளின் தலையிலேயே முதல் விதியை எழுதிவிட்டேன்: கார் சீட்டில் ஓர் ஓட்டைகூடப் போடக்கூடாது. ராவக்கூடாது, பசை போட்டு ஒட்டக்கூடாது, ஸ்குரூ ஏற்றக்கூடாது. சீட் இருக்கிறபடியே இருக்கட்டும். அதைத் தாங்குகிற சட்டம்தான் அதற்குத் தோதாக மாற வேண்டும்.

கடையில் வாங்கும் குழந்தை சீட் ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐ.நா. விதிமுறையின் முத்திரையோடு வருகிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோத விட்டுப் பார்த்த பிறகுதான் அந்த முத்திரை. நான் பிளாஸ்டிக் அச்சுத் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவள். விரிசல் என்பது பெரும்பாலும் ஒரு துளையின் விளிம்பிலிருந்துதான் கிளம்பும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். துளை போட்ட சீட்டுக்கு அந்த முத்திரை செல்லாது.

தங்கச்சி மகளுக்கு மூன்று மாதம். சீட் வாங்கியாயிற்று. நம் மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் இது சட்டம். ஆனால் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பட்டணத்தில் நடப்பது என்ன? கிளினிக் வாசலில் கார் நிற்கும்போது பிள்ளை அயர்ந்து தூங்கும். வாரை அவிழ்த்துத் தூக்கினால் வீல் என்று அலறும். அந்த அழுகைக்குப் பயந்தே, ‘பக்கத்துல தானே’ என்று மடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சீட்டோடு தூக்கி அப்படியே வண்டியில் மாட்ட முடிந்தால் அந்தச் சாக்கு இல்லாமல் போகும். அதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கியிருக்கிறேன்.

கடையில் இல்லாததா என்று கேட்கலாம். இருக்கிறது. சீட்டிலிருந்தே சக்கரம் இறங்கும் டூனா மாதிரி வண்டிகளைப் பேரங்காடிகளில் பார்த்திருக்கிறேன், நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் சின்னச் சக்கரங்கள் பளிங்குத் தரைக்கு ஆனவை. எங்கள் வீட்டுக்கும் பெரிய சாலைக்கும் நடுவே இருப்பது செம்மண் பாதை, செம்பனை எனும் எண்ணெய்ப் பனையின் குலை ஏற்றும் லாரிகள் உழுது போட்டது.

11 மே 2025, ஞாயிறு

இன்று முழுக்கச் சாய்வுக் கோணம்.

பிறந்த பிள்ளைக்குத் தலைதான் கனம், கழுத்தில் பலம் கிடையாது. நிமிர்த்தி உட்கார வைத்தால் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் முட்டும். அதன் மூச்சுக்குழாய் மெல்லியது, சுலபமாக மடங்கும். சரி, நன்றாகப் படுக்க வைத்துவிடலாம் என்றால், மோதலின்போது உடம்பு வாருக்குள் நிற்காமல் மேலே வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 45 பாகைச் சாய்வில் பின்பக்கம் பார்த்தபடி வைப்பது அதனால்தான்.

காரில் இந்தக் கோணத்தைச் சீட்டின் அடிப்பாகம் பார்த்துக்கொள்கிறது. எங்கள் சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடு இருக்கிறது, அது தரைக்கு இணையாக இருந்தால் போதும். வண்டியில் மாட்டியதும் அந்தப் பொறுப்பு முழுவதும் என் சட்டத்தின் தலையில் விழுகிறது.

இன்னொரு சிக்கல், மேடு. பிள்ளை நம்மைப் பார்த்து இருக்கும்படி மாட்டினால் அதன் முதுகு வண்டியின் முன்பக்கம் இருக்கும். மேட்டில் தள்ளும்போது முன்பக்கம் உயரும், பிள்ளை அந்த அளவுக்கு நிமிரும். எங்கள் லயத்து வீட்டிலிருந்து சாலைக்கு ஏறும் இடத்தில் தச்சர் வைத்திருக்கும் ரசமட்டத்தையும் போனில் உள்ள கோணமானியையும் வைத்து அளந்தேன், 7 பாகை. 45-ல் இருந்த பிள்ளை அந்த இடத்தில் 52-க்கு வந்துவிடும்.

அதனால் தொட்டில் பகுதி அசையாமல் நிற்கக்கூடாது. கீழே ஒரு கீல், பக்கத்தில் மூன்று பற்கள்: சமதரை, 5 பாகை, 10 பாகை. மேடு வரும்போது ஒரு பல் சாய்த்துக்கொள்ளலாம். கைப்பிடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி தொட்டிலின் விளிம்பில் சின்ன ரசமட்டக் குமிழ் ஒன்றும் பதிக்கப் போகிறேன். விலை சில வெள்ளிதான் (ரிங்கிட்). தாய்க்குக் கோணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

12 மே 2025, திங்கள் (விசாக தின விடுமுறை)

சக்கரம். பட்டறை அண்ணன் விடுமுறையிலும் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

“தங்கச்சி, காத்து டயரே போடு, நல்லா மெத்துனு போகும்” என்றார். உண்மைதான். ஆனால் செம்பனை மட்டையின் அடியில் வரிசையாக இருக்கும் முள்ளை அவருக்குக் காட்டினேன். மட்டை வெட்டிய பிறகு அது பாதையோரம் எங்கும் கிடக்கும், சைக்கிள் டயரே தாங்காது. பிள்ளையை வைத்துக்கொண்டு நடுத்தோட்டத்தில் பஞ்சர் என்றால் என்ன செய்வது? 1917-இல் மலாயாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டது இங்கே பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான். நூறு வருஷத்துக்கு மேல் இந்த மண்ணில் அந்த முள் விழுந்துகொண்டிருக்கிறது.

முடிவு: காற்றில்லாத நுரை டயர், 12 அங்குலம், பின்னால் இரண்டு. அது கொஞ்சம் விறைப்பு என்பதால் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே கித்தாக் கட்டை. இயற்கை ரப்பர் அதிர்வை வாங்கும், உடனே பழைய நிலைக்கும் திரும்பிவிடும்.

முன்சக்கரத்துக்கு அகலம்தான் முக்கியம். காக்கி லீமா (கடை வாசல் நடைபாதை) ஓரத்து லோங்காங் (சாக்கடை) மூடியின் கம்பிகளுக்கு நடுவே மெல்லிய சக்கரம் நேராகப் போய் இறங்கிவிடும். 50 மி.மீ. அகலம் வைத்தேன். சுழலும் சக்கரம், ஆனால் பூட்டு உண்டு. கரடுமுரடான பாதையில் பூட்டாமல் தள்ளினால் அது படபடவென்று ஆடும்.

17 மே 2025, சனி

அம்மாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. “உங்க ரெண்டு பேரையும் மடியில வச்சுத்தான் லாரியில போனேன். என்ன ஆச்சு?”

கணக்கைச் சொன்னேன். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலோ மோதி அரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் எதுவும் தன் எடையைப் போல் 16 மடங்கு கனக்கும். 6 கிலோ பிள்ளை கிட்டத்தட்ட 100 கிலோ. இரண்டு கை அதைப் பிடித்து நிறுத்தாது. எவ்வளவு பாசம் இருந்தாலும் நிறுத்தாது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் கதைக்குப் போய்விட்டார்: விடிவதற்கு முன் ஆயாக் கொட்டகையில் எங்களை விட்டுவிட்டுப் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனது, வரிசையாகத் தொங்கும் துணித் தொட்டில்கள், பால் கட்டிய மார்போடு மதியம் ஓடி வந்தது. கடைசியில் கேட்டார்: “சரி, உன் வண்டியில எவ்வளவு நேரந்தான் பிள்ளைய இப்படிக் குறுக்கி உக்கார வச்சிருப்பீங்க? அதுக்கு முதுகு நீட்ட வேணாமா?”

ரொம்பச் சரியான கேள்வி. கார் சீட் பயணத்துக்கு மட்டும்தான், தூங்க வைக்கும் படுக்கை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வைக்காதீர்கள், சின்னப் பிள்ளைக்கு அதிலும் குறைவு என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பிள்ளை சீட்டில் தூங்கட்டும், எழுப்பாமல் இறக்குவதுதானே நோக்கம். ஆனால் போன இடத்தில் ஒரு மணி நேரம் இருக்கப் போகிறோம் என்றால் மல்லாக்கப் படுக்க இடம் வேண்டும். அதே சட்டத்தில் மாட்டுகிற சமமான கேன்வாஸ் படுக்கை ஒன்றையும் இன்று வரைபடத்தில் சேர்த்தேன். அதை அம்மாவே தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார்.

25 மே 2025, ஞாயிறு

பூட்டு. இந்த வண்டியின் உயிர் இதில்தான்.

காரில் சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் முறைக்கு உலகம் முழுக்க ஒரே அளவு: 6 மி.மீ. கம்பி, இரண்டுக்கும் நடுவே 280 மி.மீ. எந்தக் காரானாலும் இதேதான். ஸ்ட்ரோலர் பக்கம் அப்படி ஒரு பொது அளவு இல்லை. சீட்டின் விலாவில் கொக்கி மாட்டும் இடம் (மாட்டுவாய்) ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. மாக்ஸி-கோசி கம்பெனியின் வடிவத்தைப் பலர் பின்பற்றுவதால் அதற்கான அடாப்டர் நிறையக் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஊருக்கு உபயோகப்பட வேண்டுமானால் என் வண்டி எந்தச் சீட்டையும் ஏற்க வேண்டும். ஆகவே இரு பக்கக் கைகளும் உள்ளே வெளியே நகரும்படியும், அவற்றின் தலைப்பகுதியை மட்டும் கழற்றி மாற்றும்படியும் வரைந்திருக்கிறேன். தலைகளை எங்கள் தொழிற்சாலைப் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கலாம்.

பூட்டும் முறை: சீட்டை வைத்து அழுத்தினால் இரு பக்கமும் கொக்கி தானாக விழும். ஒரு சத்தம் கேட்கும், சின்ன அடையாளச் சன்னலில் சிவப்பு மறைந்து பச்சை தெரியும். இரண்டு பக்கமும் பச்சை தெரிந்தால்தான் கொக்கிகள் விழுந்ததாக அர்த்தம். கழற்ற இரண்டு வேலை செய்ய வேண்டும்: பட்டனை அழுத்திப் பிடித்து, அப்புறம் நெம்புகோலை இழுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் விளையாட்டாக இழுத்தால் திறக்கக்கூடாது.

விரல் பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன். குடை மாதிரி மடிக்கும் ஸ்ட்ரோலரை 1965-இல் வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கும் சக்கர அமைப்பில் வேலை செய்த பொறியாளர். என்ன அழகான மடிப்பு அது! ஆனால் அதே பெயரில் வந்த வண்டிகளில் கீல் மூடும்போது பிள்ளைகளின் விரல் நுனி சிக்கித் துண்டானதாக அமெரிக்காவில் 12 புகார்கள் வந்து, 2009-இல் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் உறை கொடுக்க வேண்டியதாயிற்று. கீலைச் சுற்றி உறை போடுவது கூடுதல் வசதி இல்லை, கட்டாயம். என் வரைபடத்தில் பிள்ளையின் கை எட்டும் இடத்தில் எந்த இடுக்கும் ஒன்று 5 மி.மீ.க்குள், அல்லது 12 மி.மீ.க்கு மேல். நடுவில் எதுவும் கிடையாது.

1 ஜூன் 2025, ஞாயிறு

கவிழுமா, கவிழாதா? ஐரோப்பியத் தரமான ஈஎன் 1888, 12 பாகைச் சரிவில் வண்டி கவிழாமல் நிற்க வேண்டும் என்கிறது. அதையே நானும் எடுத்துக்கொண்டேன்.

சட்டம், சீட், பிள்ளை எல்லாம் சேர்த்து 17 கிலோ. எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில். 12 பாகைக்கு அந்த மையம் பின்னச்சுக்கு 13 செ.மீ.யாவது முன்னால் இருக்க வேண்டும். என்னிடம் 20 இருக்கிறது, தாராளம்.

இப்போது தாய்மார் எல்லோரும் செய்வதைச் செய்வோம். பால்புட்டி, நேப்பி, மாற்றுத் துணி வைத்த 3 கிலோ பையைக் கைப்பிடியில் மாட்டினால்? கைப்பிடி பின்னச்சுக்கு 35 செ.மீ. பின்னால் இருக்கிறது. கணக்குப் போட்டால் மையம் 12 செ.மீ.க்கும் உள்ளே வந்துவிடுகிறது, உயரமும் 65 ஆகிறது. 65-க்குத் தேவை 14. அதாவது சரிவில் வண்டி பின்னால் மல்லாந்து விழும். ஒரே ஒரு பையால்!

அதே பையைச் சீட்டுக்கு அடியில் ஒரு கூடையில் வைத்தால் மையம் கீழே இறங்குகிறது, வண்டி முன்பைவிட உறுதியாக நிற்கிறது. ஆகவே கீழே அகலமான கூடை. கைப்பிடியில் கொக்கி இல்லை, பை மாட்ட முடியாதபடி வழுக்கும் உறை. தங்கச்சிக்கு இது பிடிக்கவில்லை. “கொக்கி வேணும்கா, கை நிறைய சாமான் இருக்கு.” இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

14 ஜூன் 2025, சனி

இரும்புக் குழாயில் மாதிரிச் சட்டம் தயார். பட்டறை அண்ணன் பற்றவைத்த இடங்களை விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு பிசிறு இல்லை.

சீட்டில் 10 கிலோ அரிசிப் பையை வார் போட்டுக் கட்டி, செம்மண் பாதையில் லாரி தடத்தின் குறுக்கே தள்ளினோம். கித்தாக் கட்டை வேலை செய்கிறது. அரிசிப் பையின் மேல் வைத்த தண்ணீர்ப் புட்டி ஆடியது, ஆனால் விழவில்லை. முன்சக்கரப் பூட்டு அவசியம் என்பதும் உறுதியாயிற்று. மழை பெய்து களிமண் ஆன இடத்தில் மட்டும் சக்கரத்துக்கும் கவைக்கும் நடுவே சேறு அடைத்துக்கொள்கிறது. இடைவெளியை அதிகமாக்க வேண்டும்.

மச்சான் தன் ஒற்றைக் கேபின் பிக்கப்பில் சீட்டை முன்னால் மாட்டலாமா என்று கேட்டார். கூடவே கூடாது. ஏர்பேக் வேலை செய்யும் முன் இருக்கையில், பின்பக்கம் பார்த்த சீட்டை வைத்தால், ஏர்பேக் விரியும் வேகம் சீட்டின் முதுகில், அதாவது பிள்ளையின் தலைக்குப் பின்னால்தான் அறையும். பிள்ளை மைவி காரின் பின் இருக்கையில்தான் போகும் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டேன்.

28 ஜூன் 2025, சனி

அம்மா தைத்த கேன்வாஸ் படுக்கை வந்துவிட்டது. ஓரங்களுக்கு இரட்டைத் தையல், பழைய கோணிப்பை தைத்த கை அல்லவா. பக்கங்களில் வலைத்துணி வைக்கச் சொன்னேன். வெயிலுக்குப் பயந்து வண்டி மேல் துண்டை மூடிக்கொண்டு போகிறவர்களைப் பட்டணத்தில் நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். காற்று அடைபட்டு உள்ளே சூடு ஏறும், பிள்ளையின் முகமும் நமக்குத் தெரியாது. என் குடைத்துணி மேலே மட்டும்தான் மறைக்கும்.

இரும்புச் சட்டம் கனமாக இருக்கிறது. தங்கச்சி ஒற்றைக் கையால் மைவியின் பின்பெட்டியில் தூக்கி வைக்க முடியவில்லை. அடுத்தது அலுமினியம்: 25 மி.மீ. குழாய், பின்சக்கரம் ஊசி இழுத்தால் கழன்றுவிட வேண்டும். அலுமினியக் குழாயைப் பற்றவைக்க டிக் வெல்டிங் முறைதான் தோது, அது அண்ணனிடம் இல்லை. ரவாங்கில் ஒரு பட்டறையை விசாரித்து வைத்திருக்கிறார். ஐந்து மாதத் தடுப்பூசிக்குள் முடியாது, அதற்குக் கார் சீட்டைக் கையிலேயே தூக்கிக்கொண்டு போகட்டும்.

சீட்டை மாட்டும் அந்தக் கைகளின் தலைகளை வார்க்க எனக்கு உங்கள் உதவி வேண்டும். வீட்டில் கைப்பிடி வைத்த பச்சைப்பிள்ளை சீட் இருந்தால், விலாவில் உள்ள மாட்டுவாயின் அகலம், ஆழம், இரண்டு பக்கத்துக்கும் இடையே உள்ள தூரம் மூன்றையும் மி.மீ.யில் அளந்து, சீட்டின் மாடலோடு எழுதி அனுப்புங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாலும் போதும். பிள்ளை உள்ளே இல்லாதபோது அளக்கவும்.