கிழட்டு ஆட்டுக்குக் கடைவாய்ப் பல் போனால்: செவலையின் தீனி மாற்றம், இதுவரை

பெங்களூர் கே.ஆர்.புரம் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் மூன்று ஆடுகளில் மூத்தவள் செவலை, வயது ஒன்பது நடக்கிறது. நாலைந்து மாதமாகவே இளைத்துக்கொண்டு வந்தாள். குடற்புழு மருந்து கொடுத்தும் தேறவில்லை. ஆனால் தீனியைக் கண்டால் முதலில் ஓடி வருகிறவளும் அவள்தான், அதனால்தான் வாயைப் பார்க்கத் தோன்றியது.

சந்தையில் வயசு பார்க்க எல்லாரும் கீழுதட்டை விலக்கி முன்பல்லைத்தான் எண்ணுவார்கள். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், நாலு வயதுவாக்கில் எட்டும் சேர்ந்துவிடும், அதோடு கணக்கு முடிந்தது. மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, கெட்டி ஈறுதான். இலையைக் கடித்து இழுக்க முன்பல் போதும், அரைத்து விழுங்குவதெல்லாம் உள்ளே இருக்கும் இருபத்து நான்கு கடைவாய்ப் பற்கள். அங்கே ஒன்று போனாலும் அசை போடுவது கெட்டுவிடும்.

கட்டுத்தறி ஓரம் பச்சைப் பசேலென்று விரல் தடிமனில், அசை போடும்போது வாயிலிருந்து விழுந்த ஈர உருண்டைகள் கிடந்தன. பிரித்துப் பார்த்தால் புல் நார் அப்படியே நீளநீளமாக இருக்கிறது, அரைபடவே இல்லை. புழுக்கையை உடைத்தாலும் அதே நார். இடது கன்னம் வெற்றிலை அடக்கினது போல உப்பி, வாய் நாறியது. கன்னத்தை வெளியிலிருந்து தடவிப் பார்க்கலாம், ஆனால் விரலை மட்டும் உள்ளே விடாதீர்கள், கடைவாய்ப் பல் கத்தி மாதிரி வெட்டும்.

ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வாய்க்குக் கட்டை கொடுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இடப்பக்கம் கீழே ஒரு பல் விழுந்திருக்கிறது, தேய்க்க எதிர்ப்பல் இல்லாததால் அதற்கு நேர் மேல்பல் நீண்டு வளர்ந்து ஈறைக் குத்துகிறது. டாக்டர் அரத்தால் ராவிவிட்டு, "நாரைக் குறைங்க சார், ஆனா சுத்தமா நிறுத்திடாதீங்க" என்றார்.

இப்போது ராகித் தாள் (கேழ்வரகு வைக்கோல்) அவளுக்கு இல்லை. நேப்பியர் தீவனப்புல்லில் தண்டை மற்ற ரெண்டுக்கும் போட்டுவிட்டு இலையை மட்டும் பொடியாக நறுக்கிக் கொடுக்கிறேன். அகத்தி, முசுக்கொட்டை இலை என்றால் காம்பிலிருந்து உருவி வைக்கவேண்டும், அது கிடைத்த நாள் அவளுக்கு விருந்துதான். அடர்தீவனக் குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் கூழாகும்வரை ஊறவைத்து, கொஞ்சம் கோதுமைத் தவிடு சேர்த்து, நாளைக்கு மூன்று வேளையாகப் பிரித்து வைக்கிறேன். இளைத்திருக்கிறாளே என்று ஒரேயடியாக அள்ளி வைத்தால் வயிறு புளித்து ஆளையே சாய்த்துவிடும், அதனால் சிறுகச்சிறுக ஏற்றினேன். மிச்சம் இருந்தால் அன்றைக்கே கொட்டிவிடுகிறேன், ஊறினது சீக்கிரம் பூசணம் பிடிக்கும். தனியாகக் கட்டித்தான் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் சின்னதுகள் முட்டித் தள்ளிவிட்டுத் தின்றுவிடும்.

நெஞ்சுச் சுற்றளவை வைத்து எடையைக் கணிக்கும் நாடாவால் பார்த்ததில் இருபத்தாறு கிலோவிலிருந்து இருபத்தெட்டரைக்கு வந்திருக்கிறாள். முதுகெலும்பு இன்னும் கைக்குத் தட்டுகிறது. உருண்டை விழுவது நின்றுவிட்டது, புழுக்கையும் நைசாக இருக்கிறது. இனி இவளைச் சினைக்கு விடப்போவதில்லை. மேல்பல் மறுபடி வளரும் என்பதால் குளிர் தொடங்கும் முன் இன்னொரு தடவை ஹெப்பாளுக்குக் கூட்டிப்போக வேண்டும்.