எக்ஸ்ரே படத்தின் மூலையில் இருக்கும் பெயர்

டாக்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் எக்ஸ்ரே போட்டுக் கருத்துக் கேட்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஃபிலிமின் மூலையைப் பாருங்கள்: நோயாளியின் பெயர், வயது, மருத்துவமனை எண், தேதி, எல்லாம் இருக்கும். அனுப்பும் முன் அதை வெட்டிவிட வேண்டும். பவர்பாயிண்டில் வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் இழுத்துப் பார்க்கலாம். வெட்டியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் படத்தை மட்டும் அனுப்புங்கள்.

நோயாளியின் புகைப்படத்தில் கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் ஆள் தெரியாது என்பது தவறு. பச்சை குத்தியது, மச்சம், மூக்குத்தி போதும், சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். சின்ன ஊரில் 'நேற்று வந்த பாம்புக்கடி கேஸ்' என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அடையாளம் தெரியும்படி படத்தையோ கேஸ் விவரத்தையோ அனுமதியின்றி இதழ்களில் வெளியிடக்கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன. இன்ஸ்டாகிராமுக்கும் அதே கண்ணியம் வேண்டும். சிகிச்சைக்கு வாங்கிய கையெழுத்து இதற்குச் செல்லாது. எந்தப் படம், எங்கே போடப்போகிறோம் என்று நோயாளியின் மொழியிலேயே சொல்லி, தனியாக எழுதி வாங்குங்கள். வலியில் துடிப்பவரிடம் அப்போதே கேட்பது நியாயமில்லை.

இன்னொன்று: வாட்ஸ்அப்பில் தானாகப் படம் இறங்கும் வசதியை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் நோயாளியின் புண், குடும்பப் படங்களோடு சேர்ந்து கேலரியில் வந்து உட்காரும்.