நைட் லாட்ச்சைத் தாண்டிய 12 நிமிடம்

தனியாக விட்டாலே பதறும் நாயைப் பழக்கும் பயிற்சியில் ஒன்பதாவது வாரம், செவ்வாய். மரக்கதவு சாத்தி, நைட் லாட்ச் (சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு) விழுந்து, 12 நிமிடம். ஊளை இல்லை, கதவடியில் எச்சில் குளம் இல்லை. மூன்று வாரமாக 40 வினாடியிலேயே முட்டிக்கொண்டு நின்ற கணக்கு இது. கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம்.

ஆள்: மிளகு, நான்கு வயது இண்டி, அதாவது நம்மூர் நாட்டு நாய். இடம்: பெங்களூரு ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட், மூன்றாவது மாடி, வெளியே கிரில், உள்ளே மரக்கதவு. இது போரடித்துச் செய்யும் சேட்டை இல்லை என்பது முதல் வீடியோவிலேயே தெரிந்துவிட்டது. போரடித்த நாய் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, சாவகாசமாகத் தலையணையைக் கிழிக்கும். இதற்கோ கதவு சாத்திய நிமிடமே மூச்சிரைப்பு, கொட்டாவி, நடை. பிறகு நிலைக்காலைச் சுரண்டல். சிறுநீரும் போனால் முதலில் டாக்டரிடம் சிறுநீர்ப் பரிசோதனை. தொற்று இருந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது.

சாவி, ஷூ, பை எல்லாம் வழக்கம்போலத்தான்: எடுப்பது, திரும்ப வைப்பது, உட்கார்வது. பத்து நாளில் முடிந்தது. மாட்டிக்கொண்டது லாட்ச்சில். லாட்ச்சின் நாக்கை உள்ளே இழுத்துப் பிடித்துச் சத்தமில்லாமல் சாத்தினால் மிளகு ஒரு நிமிடம் படுத்தே இருக்கிறது. அந்த ‘டக்’ கேட்டால் இரண்டே வினாடியில் எழுந்து நிற்கிறது. ஆக, ஆள் இல்லாததைவிட அந்தச் சத்தம்தான் முதல் எதிரி. இரண்டையும் ஒன்றாகப் பழக்கியதுதான் தப்பு. பிரித்தோம்:

கதவு திறந்திருக்க, உள்ளே நின்றபடி லாட்ச் நாக்கை இழுத்து விடுவது, ஒரு தடவைக்குப் பத்து ‘டக்’. தலையைக்கூடத் தூக்காத வரை, நான்கு நாள். அப்புறம் உள்ளிருந்தே கதவைச் சாத்தி ‘டக்’. அதன்பின் வெளியே போய் ‘டக்’, உடனே திறப்பு. பிறகுதான் வினாடிகள்: 2, 8, 3, 15, 5. ஏறுவரிசையாகப் போனால் நாய் கணக்குப் போட்டுவிடும், கலைத்துப் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது ஒரு நிமிடம், அது மறுபடி படுக்கும் வரை. மொத்தம் 25 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். காது பின்னால் மடங்கினாலே உள்ளே வந்துவிட வேண்டும். ஊளைக்காகக் காத்திருந்தால் அன்றைய வேலை பாழ்.

கேமராவுக்குப் பழைய போனில் வீடியோ கால் போதும். ஆனால் கால் ஆப்கள் குரைப்பைப் பின்னணி இரைச்சல் என்று வடிகட்டிவிடும். அந்த வசதியை அணைக்காததால் ஒரு வாரம் பொய்க் கணக்கு எழுதியாயிற்று. வெளியே கொண்டுபோகும் போனில் மைக்கையும் மூடுங்கள்.

காங் பொம்மையில் (உள்ளே தீனி அடைக்கும் ரப்பர் பொம்மை) தயிரும் வேகவைத்த பூசணியும் அடைத்து உறைய வைத்துக் கொடுப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும். பயிற்சியில் கொடுத்தால் நக்கி முடிக்கும் வரைதான் அமைதி, நாம் அளப்பது தயிரின் நேரத்தை. பீனட் பட்டர் வைப்பவர்கள் சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று கலந்திருக்கிறதா என்று பாருங்கள், அது நாய்க்கு விஷம். மலிவு ரப்பர் பொம்மையைப் பல்லால் பிய்த்து விழுங்கும். காசு போனாலும் கெட்டி ரப்பர்தான்.

‘கூண்டில் போட்டுப் பூட்டுங்க’, ‘இன்னொரு நாய் வாங்குங்க’ என்று அபார்ட்மென்ட் முழுக்க ஆலோசகர்கள். பதறும் நாய் கூண்டுக் கம்பியில் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். இரண்டாவது நாயும் பெரும்பாலும் தீர்வல்ல, பதறும் நாய் தேடுவது மனிதரை. பயிற்சிக்கு வெளியே தனியாக விடவே கூடாது என்பதால், ஆபீஸ் போகும் இரண்டு நாளும் மிளகு பக்கத்து ஃபிளாட் மாமி வீட்டில்.

பதற்றம் குறைக்கும் மருந்து: ஃப்ளூயாக்செட்டின், க்ளோமிப்ரமின் இரண்டும் டாக்டர் சீட்டுக்கு மட்டும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், பயிற்சியும் கூடவே ஓட வேண்டும். இங்கே இன்னும் தேவைப்படவில்லை.

30 நிமிடத்தைத் தொடும் முன்பே ஸ்கூட்டர் ஸ்டார்ட் சத்தத்தைத் தொடங்க ஆசை. ஆனால் கிரில் பூட்டின் சங்கிலிச் சத்தமே பாக்கி. வியாழன் அதுதான், சாயங்காலம் இடி இடிக்காமல் இருந்தால். இடி அன்றைக்குப் பயிற்சி கிடையாது.