முகம் மூடி வருகிறவர்கள்

கனடாவில் குற்றம் செய்யும் நோக்கத்தோடு முகத்தை மறைத்தாலே அது தனிக் குற்றம், 10 ஆண்டு வரை சிறை. 2013இல் கலவரத்தில் முகமூடி போடுவதற்கும் அதே தண்டனை வந்தது. சரியான சட்டம் என்றே நினைக்கிறேன்.

இலங்கைப் போர்க்காலத்தில் இராணுவச் சுற்றிவளைப்பில், சாக்கால் முகம் மூடி ஆளைக் காட்டிக் கொடுக்கும் தலையாட்டியின் முன் வரிசையில் நின்றவர்கள் வவுனியாப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவன் தலையை ஆட்டினால் பிள்ளையைக் கொண்டு போய்விடுவார்கள். காட்டிக் கொடுத்தது யார் என்று தாய்க்குக் கடைசிவரை தெரியாது. யார்மேல் வழக்குப் போடுவாள்?

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இங்கே அவசரகால விதியில் முகம் மூடுவதையே தடை செய்தார்கள். ஒரு பாவமும் அறியாத முஸ்லிம் பெண்கள்தான் அதில் வதைபட்டார்கள். துணியை விட்டுவிட்டு நோக்கத்தைப் பார்க்கிற சட்டம் வேண்டும். சீருடை போட்டவருக்கும் அது பொருந்த வேண்டும்.