பழைய கோட் முழுவதையும் ஒரே கமிட்டில் ஃபார்மட் செய்ய

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூருக்கும் ஆற்காடு ராணிப்பேட்டைக்கும் போயின. இங்குள்ள தோல் கம்பெனிகளுக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதும் குழுவின் கோடில் அந்த மாற்றம் ஒரு வரியாக இருக்கும். ஏன் மாற்றினார்கள், பழைய இன்வாய்ஸ்களை என்ன செய்தார்கள் என்பது கமிட் (மாற்றங்களைச் சேமித்த பதிவு) செய்தியில் இருக்கும். கோடின் தோற்றத்தை ஒரே பாணிக்குக் கொண்டுவரும் கருவியான ஃபார்மட்டர் அந்த வரியின் ஒற்றை மேற்கோளை இரட்டையாக்கினாலே போதும், எந்த வரியை யார், எந்த கமிட்டில் மாற்றினார்கள் என்று காட்டும் கிட் பிளேமில் அதன் மேல் ஃபார்மட் கமிட் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைத் தடுப்பதுதான் பெரிய ப்ராஜெக்ட்டில் உண்மையான வேலை.

கருவியைத் தேர்வு செய்ய அதிக நேரம் வேண்டாம். பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ப்ரெட்டியர், சி++க்கு கிளாங்-ஃபார்மட். வரிக்கு 80 எழுத்தா 88ஆ என்று சண்டை போடாமல் டீஃபால்ட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். வெர்ஷன் எண்ணை மட்டும் முழுமையாகப் பூட்டுங்கள். பிளாக் ஆண்டுக்கு ஒருமுறை தன் பாணியைத் திருத்துகிறது. இரண்டு பேரிடம் இரண்டு வெர்ஷன் இருந்தால் ஒரே ஃபைல் மாறி மாறி மாறிக்கொண்டே இருக்கும்.

‘தொடும் ஃபைலை மட்டும் அவ்வப்போது ஃபார்மட் செய்வோம்’ என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. இரண்டு வரி பிழைத்திருத்தம் 400 வரி இடைவெளி மாற்றத்துக்குள் புதைந்தால் ரிவ்யூ செய்பவர் எதையும் பார்க்க முடியாது. ரிலீஸ் முடிந்த கையோடு, திறந்திருக்கும் பிராஞ்சுகள் (தனியாக நடக்கும் வேலைக் கிளைகள்) குறைவாக உள்ள நாளில், மொத்தமாகச் செய்துவிடுங்கள்.

முதல் கமிட்டில் கான்ஃபிக், வெர்ஷன், விலக்க வேண்டிய ஃபோல்டர்கள் (வெளியார் லைப்ரரி, தானாக உருவான கோட்). இரண்டாவதில் ஃபார்மட்டர் செய்தது மட்டும். கையால் ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது. மூன்றாவதில், ரெப்போவின் (ப்ராஜெக்ட்டின் கோட் களஞ்சியம்) வேரில் ‘.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்’ என்ற ஃபைலில் இரண்டாவது கமிட்டின் 40 இலக்க ஹாஷ் (கமிட்டின் அடையாளக் குறியீடு). இதில் எழுதிய கமிட்டை பிளேம் தாண்டிவிட்டு, அதற்கு முந்தைய மாற்றத்தைக் காட்டும். கமிட்டுகளை ஒன்றாக்கும் ஸ்குவாஷ் அல்லது புதிதாக அடுக்கும் ரீபேஸ் முறையில் மெர்ஜ் செய்தால் (இணைத்தால்) ஹாஷ் மாறிவிடும், எழுதி வைத்தது வீண். அதனால் இரண்டாவது கமிட் மெயின் என்ற முதன்மை பிராஞ்சுக்குள் போன பிறகு, அங்கே தெரியும் ஹாஷையே எடுங்கள். இந்த வசதி கிட் 2.23இலிருந்து உண்டு. கிட்ஹப் ஃபைலைத் தானே படித்துக்கொள்ளும்; ஒவ்வொருவர் கணினியிலும் ‘பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்’ அமைப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு, அந்த ஃபைல் இல்லாத பழைய பிராஞ்சுக்குப் போனால் பிளேம் எர்ரர் காட்டி நிற்கும்.

ஏற்கெனவே திறந்திருக்கும் பிராஞ்சை நேரடியாக மெயினோடு மெர்ஜ் செய்தால் எங்கும் கான்ஃபிளிக்ட் (ஒரே வரியில் இரு மாற்றங்கள் மோதுவது). முதலில் கான்ஃபிக் கமிட் வரை மட்டும் மெர்ஜ் செய்து, நிஜமான கான்ஃபிளிக்டுகளைத் தீருங்கள். பிறகு அதே வெர்ஷன் ஃபார்மட்டரை ரெப்போ முழுவதும் ஓட்டி கமிட் செய்யுங்கள். அடுத்து ஃபார்மட் கமிட்டை, நம் பிராஞ்சில் உள்ளதையே அப்படியே வைத்துக்கொள்ளும் ‘மைனஸ் எஸ் அவர்ஸ்’ (-s ours) கொடுத்து மெர்ஜ் செய்யுங்கள் (மைனஸ் எக்ஸ் அல்ல, அது வேறு). இப்போது மெயினின் மீதி கமிட்டுகள் வழக்கம்போல மெர்ஜ் ஆகும்.

சதுர அடி, கிரேடு, விலை என்று பத்தி பத்தியாகக் கையால் நேர்ப்படுத்திய அட்டவணையை ஃபார்மட்டர் கலைத்துவிடும். பைத்தானில் அதன் மேலும் கீழும் ‘எஃப்எம்டி: ஆஃப்’, ‘எஃப்எம்டி: ஆன்’ கமெண்டுகளைப் போடுங்கள். சி++இல் ஆபத்து இன்னும் பெரிது: கிளாங்-ஃபார்மட் இன்க்ளூட் வரிகளை (ஹெடர் எனும் பிற ஃபைல்களைச் சேர்ப்பவை) அகரவரிசையாக்கும், ஒரு ஹெடர் இன்னொன்றை நம்பியிருந்தால் கம்பைல் ஆகாது. முதல் சுற்றில் ‘சார்ட்இன்க்ளூட்ஸ்’ அமைப்பை அணைத்துவிடுங்கள்.

தமிழ்ச் சரங்களையும் (கோடில் மேற்கோளுக்குள் வரும் எழுத்துகள்) பாருங்கள். ‘வேலூர்’ கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோடில் 6 குறியீடு, யூடிஎஃப்-8இல் 18 பைட். வரி நீளத்தைக் கருவிக்குக் கருவி வேறு மாதிரி எண்ணுவதால், திரையில் குட்டையாகத் தெரியும் வரியும் உடையலாம். சரத்தின் உள்ளடக்கம் மாறாது, பயம் வேண்டாம்.

விண்டோஸ் கணினிகள் கலந்த குழு என்றால் வரி முடிவை எல்எஃப் என்று ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ ஃபைலில் முதல் கமிட்டிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியாக, வரும் மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சிஐ சர்வரில், எதையும் மாற்றாமல் சரிபார்க்கும் ‘செக்’ முறையில் மட்டும் ஃபார்மட்டர் ஓடட்டும்: தவறினால் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) சிவப்பாகும், திருத்துவது எழுதியவர் வேலை.