விலகிப் போகும் கரையில் வேலை

சாக்கடல் என்றதும் மல்லாந்து படுத்து மிதப்பவர்களின் படம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஜோர்டான் கரையில் ஸ்வைமே பகுதியில் வரிசையாக நிற்கும் ரிசார்ட்டுகளுக்கு அந்தப் படம்தான் மூலதனம். அவற்றில் ஒன்றில், ஸ்பா குளத்துக்குச் சாக்கடல் என்ற அந்த உப்பு ஏரியின் நீரை ஏற்றும் பம்ப் அடிக்கடி நின்றுபோகிறது என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

தலைநகர் அம்மானிலிருந்து கிளம்பினால் சாலை இறங்கிக்கொண்டே போகிறது. பாதி வழியில் ‘கடல் மட்டம்’ என்று ஒரு கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் இறக்கம்தான். காது அடைக்கிறது. மலை மேலே குடித்துவிட்டு இறுக்கி மூடிய பிளாஸ்டிக் பாட்டில், கீழே வந்து பார்த்தால் ஒடுங்கிக் கிடந்தது. இன்றைக்கு ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே. நிலத்தில் இதைவிடத் தாழ்வான இடம் உலகில் இல்லை. இங்குள்ள அடர்ந்த காற்று புற ஊதாக் கதிரை ஓரளவு தடுத்துவிடுவதால், சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளவர்கள் வாரக்கணக்கில் வந்து தங்கி வெயில் காய்கிறார்கள்.

பம்ப் கோளாறுக்குக் காரணம் சீக்கிரமே பிடிபட்டது. ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் பளு கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலே அடித்துவிடும். சாதாரணக் கடல்நீர் ஒரு லிட்டர் 1.03 கிலோ இருக்கும். இந்த நீர் 1.24 கிலோ. கடல்நீருக்கென்று கணக்குப் போட்டு வாங்கிய மோட்டார் இந்தக் கனத்தை எப்படி இழுக்கும்? மனிதரை மிதக்க வைப்பதும் மோட்டாரைத் திணற வைப்பதும் ஒரே எடைதான். பெரிய மோட்டார் போட்டோம். பம்பை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும் என்று எழுதியும் வைத்தோம். கழுவாமல் விட்டால் உள்ளே உப்பு படிகமாகக் கட்டி வழியை அடைத்துவிடும்.

அங்கே என்னை அதிகம் யோசிக்க வைத்தது துருதான். பாலைவனம், மழை அபூர்வம், அப்புறம் இரும்பு எப்படி இவ்வளவு வேகமாக அரிக்கிறது? ஒரு போல்ட்டைத் துணியால் நன்றாகத் துடைத்து நிழலில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மரையின் இடுக்கெல்லாம் ஈரம் பூத்திருந்தது. இந்த ஏரியின் உப்பில் நாம் சமையலில் போடும் சோடியம் குளோரைடைவிட மக்னீசியம் குளோரைடுதான் அதிகம். காற்றில் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும், அதை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். அதனால் ஒருமுறை இந்த நீர் பட்ட உலோகம் லேசில் காய்வதில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஊசி குத்தியதுபோல் குழி விழுகிறது. குளிப்பவர் தோலில் எண்ணெய் தடவியதுபோல் வழுவழுக்கிறதே, அதற்குக் காரணமும் இதே உப்புதான். ஒரு சொட்டு நாக்கில் பட்டால் கரிப்பைவிடக் கசப்புதான் முன்னால் வருகிறது. கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீர் தேட வேண்டும். அன்று சவரம் செய்துகொண்டவர் இறங்காமல் இருப்பதே மேல்.

பிறகு உறிஞ்சு குழாயின் முனையைப் பார்க்கப் போனோம். நீரில் மூழ்கியிருக்க வேண்டிய வடிகட்டி கரையை ஒட்டிய உப்புப் பாறைமேல் கிட்டத்தட்ட வெளியே கிடந்தது. பராமரிப்புப் பிரிவில் பல வருடமாக இருக்கும் எகிப்தியர் ஒருவர், “யா முஹந்திஸ் (பொறியாளரே), இங்கே வாருங்கள்” என்று கூட்டிப்போய்க் கடற்கரைப் படிகளைக் காட்டினார். மேல் படிகள் பழைய கல். அடுத்த அடுக்கு வேறு நிறம். கடைசியில் மரப்பலகை. நீர் இறங்க இறங்க விடுதிக்காரர்கள் படியை நீட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

மட்டம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்குகிறது. சரிவு குறைந்த இடங்களில் கரை அதைவிடப் பல மடங்கு தூரம் பின்வாங்கிவிடும். காரணம் வெயில் இல்லை, வெயில் என்றைக்கும் இருந்ததுதான். ஒரு காலத்தில் ஜோர்டான் ஆறு ஆண்டுக்குச் சுமார் 130 கோடி கன மீட்டர் நீரைக் கொண்டுவந்து சேர்த்தது. இப்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. 1964-இல் தொடங்கிய இஸ்ரேலின் தேசிய நீர்க்குழாய் அந்த ஆறு வழியில் கடக்கும் கலிலேயா ஏரியிலிருந்து எடுத்துக்கொண்டது. அதன் துணை ஆறான யர்மூக்கில் சிரியா அணை கட்டியது, ஜோர்டான் கால்வாய் வெட்டியது. மேல்மடையில் ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கொண்டபின் கடைமடைக்கு என்ன மிஞ்சும்? போதாததற்கு, ஏரியின் தென்பகுதி இப்போது இரு நாட்டுப் பொட்டாஷ் (உரத்துக்கான உப்பு) ஆலைகளின் ஆவியாக்கும் பாத்திகளாகிவிட்டது. நீர் விலகிய இடங்களில் நிலத்தடி உப்பு அடுக்கை நன்னீர் கரைக்க, தரை திடீரென்று உள்வாங்கிக் குழி விழுகிறது. செங்கடலிலிருந்து நீர் கொண்டுவர 2013-இல் ஒப்பந்தம் போட்டார்கள். 2021-இல் ஜோர்டான் அதைக் கைவிட்டுவிட்டது.

யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மானில் வீடுகளுக்குத் தினமும் தண்ணீர் வருவதில்லை. மாடியில் தொட்டி வைத்துப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தட்டுப்பாட்டை நேரில் பார்த்தவன் விவசாயத்துக்கு நீர் எடுத்ததைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் வருகிற விருந்தினரிடம் இதை மறைப்பது சரியில்லை என்று உறுதியாக நினைக்கிறேன். அந்தப் படிகளில் வருடத்தை எழுதி வைக்கச் சொல்லி விடுதி நிர்வாகியிடம் கேட்டேன். வியாபாரத்துக்கு ஆகாது என்றார்.

எஃகுக் குழாயைக் கழற்றிவிட்டு எச்டிபிஈ என்ற கெட்டி பிளாஸ்டிக் குழாய் போட்டோம். அடுத்தடுத்த வருடங்களில் வெட்டி ஒட்டாமல் துண்டு துண்டாக நீட்டிக்கொள்ளும்படி முனையில் போல்ட் போட்டு இணைக்கும் வளையமான ஃபிளாஞ்ச் வைத்தோம். நாங்கள் கொடுத்த வரைபடத்தில் கரைக்கோட்டின் பக்கத்தில் அளந்த மாதத்தையும் வருடத்தையும் பெரிதாக எழுதியிருக்கிறோம்.